ட்ரிபிள் ஆப்ஷன் வந்ததும் போனதும்: ஜார்ஜியா டெக் ஃபுட்பால் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜார்ஜியா டெக்கில் மேல்படிப்புக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகள், மாணவர் டிக்கெட்டில் முதல் ஆட்டம் பார்த்துவிட்டு வந்ததும் கேட்கத் தொடங்குகிறார்கள். பழைய ரசிகர்கள் எல்லோரும் "அந்த ஆப்ஷன் காலம்" என்று ஏதோ சொல்கிறார்களே, அது என்ன? ஏன் போனது? திரும்ப வருமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

இது நம் ஊர் ஃபுட்பாலா?

இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற, எறிகிற அமெரிக்க ஃபுட்பால். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி 4 வாய்ப்பு. யார்டு என்பது நம் கெஜம்தான், 3 அடி. முன்னேற இரண்டே வழிதான்: ஓடலாம், அல்லது எறிந்து பிடிக்கலாம். எதை எவ்வளவு செய்வது, யாரை எங்கே நிறுத்தி ஆரம்பிப்பது என்பதைத்தான் ஆஃபென்ஸ் என்கிறார்கள்.

ஜார்ஜியா டெக்கில் இது இன்று நேற்று வந்த விளையாட்டும் அல்ல. அட்லாண்டா நகரின் நடுவே 1913 முதல் ஒரே மைதானத்தில் ஆடுகிறார்கள். 1916இல் கம்பர்லாண்ட் கல்லூரியை 222-0 என்று வென்ற அணி இதுதான். அப்போதைய பயிற்சியாளர் ஜான் ஹெய்ஸ்மன். வருடத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குத் தரும் கோப்பை அவர் பெயரில்தான் இருக்கிறது. 1917, 1928, 1952, 1990 என்று நான்கு முறை தேசிய சாம்பியன்.

ட்ரிபிள் ஆப்ஷன் என்றால் சரியாக என்ன?

ஒரே ஓட்டத்துக்குள் மூன்று வழி வைத்திருப்பது. எந்த வழி என்பதைப் பந்து கிளம்பிய பிறகுதான் முடிவு செய்வார்கள்.

குவாட்டர்பேக் என்பவர் பந்தை முதலில் வாங்குபவர். அவருக்கு நேர் பின்னால் ‘பி-பேக்’ என்று கனமான கால்களுடைய ஒருவர். இரண்டு ஓரத்திலும் ‘ஏ-பேக்’ என்று வேகமான இரண்டு பேர். பந்து கைக்கு வந்ததும் குவாட்டர்பேக் அதைப் பி-பேக்கின் வயிற்றில் வைக்கிறார். ஆனால் விடவில்லை. கண் முழுக்க எதிரணியின் ஓர் ஆள் மேல். அந்த ஆளை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டிருப்பார்கள். அவர் பி-பேக்கைப் பிடிக்க உள்ளே பாய்ந்தால், குவாட்டர்பேக் பந்தை உருவிக்கொண்டு ஓரம் நோக்கி ஓடுவார். பாயாமல் நின்றால், பந்து பி-பேக்குக்கே.

ஓரத்திலும் இதே மாதிரி தடுக்காமல் விட்ட இன்னொரு ஆள் இருப்பார். அவர் குவாட்டர்பேக்கை நோக்கி வந்தால், பக்கத்தில் ஓடிவரும் ஏ-பேக்குக்குப் பந்தைத் தட்டிவிடுவார். ஏ-பேக்கை நோக்கிப் போனால், குவாட்டர்பேக் தானே உள்ளே திரும்பி ஓடுவார். எல்லாம் இரண்டு மூன்று வினாடிக்குள். சடுகுடுவில் பாடிப் போகிறவன் எதிராளியின் கால் எந்தப் பக்கம் எடை மாறுகிறது என்று பார்த்துத்தானே திரும்புகிறான்? அந்தக் கண்தான் இங்கேயும் வேண்டும்.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. எதிரணியில் இரண்டு பேரைத் தடுக்காமலே ஏமாற்றிவிட்டால், அவர்களைத் தடுக்க வேண்டிய நம் ஆட்கள் இரண்டு பேர் மிச்சம். அந்த இரண்டு பேரும் அடுத்தவர்களைப் போய்த் தடுக்கிறார்கள். உடல்பலத்தில் குறைந்த அணி பலசாலிகளோடு மோத இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியாது.

இதை ஜார்ஜியா டெக்குக்குக் கொண்டுவந்தது யார்?

பால் ஜான்சன். அதற்கு முன் 2002 முதல் 2007 வரை சான் கெய்லி பயிற்சியாளர். அவருடைய ஆட்டம் தொழில்முறை அணிகள் ஆடுவதைப் போன்றது. மோசமான காலமும் இல்லை: 44 வெற்றி, 32 தோல்வி. கால்வின் ஜான்சன் போன்ற அபாரமான பந்து பிடிப்பாளர் அந்தக் காலத்தவர்தான். ஆனால் பக்கத்து ஊர்ப் பங்காளியான ஜார்ஜியா பல்கலைக்கழகத்தை கெய்லி ஆறு வருடத்தில் ஒருமுறைகூட வெல்லவில்லை. 2007 நவம்பரில் அவரை அனுப்பிவிட்டார்கள்.

பால் ஜான்சன் நேவி எனும் கடற்படைக் கல்லூரியிலிருந்து வந்தார். அங்கேயும் அதற்கு முன் ஜார்ஜியா சதர்னிலும் இதே ஆட்டம்தான். ஜார்ஜியா சதர்னில் 1999, 2000 இரண்டு வருடமும் அந்த அணி ஆடிய, ஒரு படி கீழான பிரிவின் தேசிய சாம்பியன்.

புதுமுறைக்கு மாறிய முதல் வருடமே 9 வெற்றி எப்படி வந்தது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பலரும் "ஆட்டமுறை அவ்வளவு சக்தி வாய்ந்தது" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். பாதிதான் சரி.

2008 அணியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கெய்லி சேர்த்தவர்கள். குவாட்டர்பேக் ஜாஷ் நெஸ்பிட் எறிவதைவிட ஓடுவதில் கெட்டிக்காரர், இடித்தால் விழமாட்டார். பி-பேக்காக வந்த ஜொனதன் டுவையர் கனமும் வேகமும் ஒரே உடலில் அமைந்தவர். அந்த வருடம் மட்டும் 1,395 யார்டு ஓடினார். ஓரத்தில் ராடி ஜோன்ஸ். தூரத்தில் நின்று பந்து பிடிக்க டெமேரியஸ் தாமஸ். வேறொரு ஆட்டத்துக்காகச் சேர்த்த ஆட்கள் இந்த ஆட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல் அமைந்தார்கள். இந்த அதிர்ஷ்டத்தைச் சேர்த்துச் சொல்லாமல் 2008ஐப் பற்றிப் பேசக்கூடாது. எல்லோருக்கும் அமையவுமில்லை. 2007இல் முதன்மைக் குவாட்டர்பேக்காக ஆடிய டெய்லர் பென்னட் எறிகிற கை. அவர் கடைசி வருடம் ஆட லூசியானா டெக்குக்குப் போய்விட்டார்.

அந்த வருடத்தின் நாள் நவம்பர் 29. ஏதென்ஸ் நகரில், ஜார்ஜியாவின் சொந்த மைதானத்தில். இடைவேளையில் 28-12 என்று பின்தங்கியிருந்தோம். மூன்றாவது கால்பகுதியில் மட்டும் 26 புள்ளி எடுத்தார்கள். முடிவில் 45-42. ஓடியே 409 யார்டு. ஏழு வருடத் தொடர் தோல்வி அன்றைக்கு முடிந்தது. அதைப் பற்றிப் பேசும்போது இன்றைக்கும் கண் கலங்குகிற பெரியவர்கள் அட்லாண்டாவில் இருக்கிறார்கள்.

எதிரணிக்கு இது ஏன் அவ்வளவு கஷ்டம்?

வருடத்தில் ஒரே ஒருமுறை எதிர்கொள்கிற ஆட்டம் என்பதால். வாரா வாரம் பந்தை எறிகிற அணிகளோடு ஆடிவிட்டு, திடீரென்று ஒரு வாரத்தில் பழக்கம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். "நீ பந்தைத் தேடாதே, உன் ஆளை மட்டும் பிடி" என்று 11 பேரிடமும் சொல்லி, 11 பேரும் கேட்க வேண்டும். ஒருவர் ஆசைப்பட்டுப் பந்து இருக்கும் பக்கம் போனால் 60 யார்டு போய்விடும். தடுப்பவர்கள் கீழே விழுந்து, இடுப்புக்குக் கீழே மறிப்பார்கள். அதை மூன்று நாள் பயிற்சியில் பழக முடியாது.

இதன் மறுபக்கமும் உண்மை. தயாராக நேரம் கிடைத்த அணிகள் பெரும்பாலும் இதை அடக்கிவிட்டன. 2008 முடிவில் நடந்த பௌல் ஆட்டத்தில் எல்.எஸ்.யூ. எனும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் 38-3 என்று வென்றது. பௌல் என்பது சீசன் முடிந்து சில வாரம் கழித்து நடக்கும் கௌரவ ஆட்டம். அடுத்த வருடம் ஆரஞ்ச் பௌலில் ஐயோவாவிடம் 24-14. மொத்தம் ஒன்பது பௌலில் ஜான்சன் வென்றது மூன்று. நானும் ஆப்ஷன் பக்கம்தான். ஆனாலும் இந்தக் கணக்கை மறைக்க மாட்டேன்.

ஓடிக்கொண்டே இருக்கும் அணியில் பந்து பிடிப்பவர் ஏன் சேர வேண்டும்?

டெமேரியஸ் தாமஸைக் காட்டித்தான் பதில் சொல்வார்கள். 2009இல் அவர் பிடித்தது 46 பந்து. சேர்த்தது 1,154 யார்டு. சராசரி 25 யார்டுக்கு மேல். எதிரணி முழுக்க ஓட்டத்தைத் தடுக்க முன்னால் வந்து நிற்கும்போது, பின்னால் தாமஸும் ஒரே ஒரு காவலாளும்தான். 2010இல் தொழில்முறைத் தேர்வின் முதல் சுற்றில் டென்வர் அணி அவரை எடுத்தது. 2021 டிசம்பரில், 34 வது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்னால் காலமாகிவிட்டார். இந்த ஊருக்கு அது பெரிய இழப்பு.

ஆனாலும் 17, 18 வயதுப் பையன்களிடம் "வருடத்துக்கு 40 பந்து வரும், மற்ற நேரம் தடுக்க வேண்டும்" என்று சொல்லி அழைப்பது சிரமம். அது உண்மையான குறைதான்.

நன்றாகத்தானே இருந்தது, ஏன் விட்டார்கள்?

யாரும் அவரை விரட்டவில்லை. 2018 நவம்பரில் ஜான்சனே விலகுவதாகச் சொன்னார். 11 வருடம், பயிற்சியாளர் வேலையில் அது நீண்ட காலம். இடையில் 2014 போன்ற பொன்னான வருடமும் உண்டு: 11 வெற்றி, ஆரஞ்ச் பௌலில் மிசிசிப்பி ஸ்டேட்டை 49-34. 2015இல் 3 வெற்றி, 9 தோல்வி என்ற அடியும் உண்டு. 2009இல் வென்ற ஏ.சி.சி. (ஜார்ஜியா டெக் ஆடும் லீக்) சாம்பியன் பட்டத்தை, விதிமீறல் விசாரணைக்குப் பிறகு 2011இல் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. ரத்து செய்தது. ஜார்ஜியாவை மூன்று முறை வென்றார்; மூன்றும் ஏதென்ஸில்.

கடைசி வருடங்களில் ரசிகர்களில் ஒரு பகுதியினருக்கு அலுப்பு வந்திருந்தது. "பழைய காலத்து ஆட்டம்", "தொழில்முறைக்குப் போக விரும்பும் பையன்கள் வரமாட்டார்கள்" என்று பேச்சு. விதிகளும் இறுகின. இடுப்புக்குக் கீழே மறிப்பதை ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து 5 யார்டுக்குள் மட்டும் என்று 2018இல் குறுக்கினார்கள். ஓரத்தில் அந்த மறிப்பை வைத்துத்தான் ஏ-பேக் ஓடுவார்.

2019இல் என்னதான் நடந்தது?

டெம்பிள் பல்கலைக்கழகத்திலிருந்து ஜெஃப் காலின்ஸ் வந்தார். அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் கான்யர்ஸ் ஊர்க்காரர். தற்காப்பு ஆட்டத்தில் பேர் வாங்கியவர். 7 வருட ஒப்பந்தம். நகரத்தின் தொலைபேசிக் குறியீடான 404ஐ அணியின் அடையாளமாக்கினார், ஊரே உற்சாகமானது. எனக்கும் உற்சாகம்தான். வேகமான, பந்தைப் பரப்பி எறிகிற ஸ்ப்ரெட் ஆட்டம் வரப்போகிறது என்றார்கள்.

சரி, ஆட்கள்? இங்கேதான் எல்லாம் சிக்கியது.

முதலில் டைட் எண்ட். தடுக்கவும் வேண்டும், பந்தும் பிடிக்க வேண்டும் என்ற அந்த இடத்துக்கு ஜான்சன் ஆட்டத்தில் வேலையே இல்லை. அதனால் அந்த வகை ஆளையே அவர் சேர்க்கவில்லை. காலின்ஸ் வெளியிலிருந்து, கனெக்டிகட் பல்கலைக்கழகத்திலிருந்து டைலர் டேவிஸ் என்பவரைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

அடுத்தது முன்வரிசை. இது வெளியே தெரியாது, ஆனால் இதுதான் பெரிது. ஆப்ஷன் ஆடும் முன்வரிசைக்காரர் எடையை முன்னால் சாய்த்துக் கையைத் தரையில் ஊன்றி, பந்து கிளம்பியதும் பாய வேண்டும். உடம்பு கொஞ்சம் ஒல்லி, கால் வேகம். பந்தை எறிகிற ஆட்டத்தில் அதே ஆள் பின்னால் நகர்ந்துகொண்டே, எதிரே வரும் 300 பவுண்டு, அதாவது சுமார் 136 கிலோ மனிதரைக் கையால் நிறுத்தி, மூன்று வினாடி குவாட்டர்பேக்கைக் காக்க வேண்டும். நாலு வருடமாக முன்னால் பாய்ந்தே பழகிய உடம்பை "இனி பின்னால் நட" என்றால் ஒரே கோடையில் நடக்குமா? எடை கூட்டவே ஒரு வருடம் போய்விடும். அந்த எடையோடு நகரக் கற்றுக்கொள்ள இன்னொரு வருடம்.

குவாட்டர்பேக்கும் அப்படித்தான். 2018இல் டொபையஸ் ஆலிவர் என்ற இளைஞர் ஓடியே 12 டச்டவுன் எடுத்தார், அதாவது 12 முறை பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் கொண்டுபோனார். 2019இன் முதல் ஆட்டத்தைத் தொடங்கியவரும் அவரே. சில மாதத்தில் அவரைப் பந்து பிடிக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். பிறகு தற்காப்புப் பக்கம் போனார். முணுமுணுக்காமல் கேட்ட இடத்தில் எல்லாம் நின்றார். முறை மாறும்போது விலை கொடுப்பவர்கள் இவர்கள்தான். பழைய பயிற்சியாளருக்கு ஓய்வு, புதியவருக்கு ஒப்பந்தம். நடுவில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு வந்துவிட்ட 19 வயதுப் பையனுக்கு மட்டும் வேறு அணியில் இடம் கிடைத்தது போல் ஆகிவிடுகிறது.

அந்த வருடம் 3 வெற்றி, 9 தோல்வி. கடைசி ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 52-7 என்று தோல்வி.

சிட்டடெலிடம் தோற்றதை ஏன் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்?

செப்டம்பர் 14, 2019. சிட்டடெல் தென் கரோலினாவில் உள்ள ராணுவக் கல்லூரி. ஒரு படி கீழான பிரிவில் ஆடும் அணி. எங்கள் மைதானத்துக்கு வந்து, கூடுதல் நேரத்தில் 27-24 என்று வென்றார்கள். அவர்கள் ஆடிய ஆட்டம் ட்ரிபிள் ஆப்ஷன். பந்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, மூன்று மூன்று யார்டாக நகர்ந்து, நேரத்தைத் தின்றார்கள். ஒரு வருடம் முன்புவரை அதே புல்லில் நாங்கள் மற்றவர்களுக்குச் செய்தது.

காலின்ஸுக்குப் போதிய நேரம் கொடுக்கவில்லை என்கிறார்களே?

அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்கிறேன். அப்போது ஒரு வருடத்தில் புதிதாகச் சேர்க்கக்கூடியவர்கள் 25 பேர். அணியில் மொத்தம் உதவித்தொகை பெறக்கூடியவர்கள் 85 பேர். ஆகவே அணி முழுக்க மாற நாலு வருடம் ஆகும் என்பது வெறும் கூட்டல் கணக்கு. நடுவில் 2020இல் கொரோனா வந்து பயிற்சியைக் குலைத்தது.

ஆனால் நாலாவது வருடம் வந்தபோதும் முன்னேற்றம் தெரியவில்லை. 3-9, 3-7, 3-9. 2021 கடைசியில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம்: நோட்டர்டேமிடம் 55-0, ஜார்ஜியாவிடம் 45-0. அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஜமீர் கிப்ஸ் அலபாமாவுக்குப் போய்விட்டார். அணி மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டும் என்ற பழைய விதி 2021இல் தளர்ந்திருந்தது. 2022 செப்டம்பர் 26 அன்று காலின்ஸை நீக்கினார்கள். மொத்தம் 10 வெற்றி, 28 தோல்வி.

என் கருத்தைக் கேட்டால், ஆப்ஷனை விட்டது தவறில்லை. வீட்டில் இருக்கும் ஆட்களைப் பார்க்காமல் முதல் நாளே முழுக்க விட்டதுதான் தவறு. குவாட்டர்பேக்கை ஓடவிட்டு, இரண்டு வருடம் பாதி பழசு பாதி புதுசாகக் கொண்டுபோயிருந்தால், குறைந்தது அந்தப் பையன்களுக்காவது அவர்களுக்குத் தெரிந்ததைச் செய்ய வாய்ப்புக் கிடைத்திருக்கும்.

ப்ரெண்ட் கீ வந்து ஆப்ஷனைத் திருப்பிக் கொண்டுவந்தாரா?

இல்லை, ஆனால் ஓட்டத்தைக் கொண்டுவந்தார். கீ இதே கல்லூரியில் 1990களின் கடைசியில் முன்வரிசையில் ஆடியவர். காலின்ஸின் குழுவிலும் முன்வரிசைப் பயிற்சியாளராக இருந்தவர். தற்காலிகமாகப் பொறுப்பேற்ற முதல் ஆட்டத்திலேயே, தரவரிசையில் இருந்த பிட்ஸ்பர்கை 26-21 என்று அவர்கள் ஊரிலேயே வென்றார்.

2023இல் ஆஃபென்ஸைப் பார்க்க பஸ்டர் ஃபாக்னர் வந்தார்; ஜார்ஜியாவிலிருந்து! டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியிலிருந்து ஹேன்ஸ் கிங் என்ற குவாட்டர்பேக். எறியவும் செய்வார், இடித்துக்கொண்டு ஓடவும் செய்வார். ஆட்கள் நிற்கும் விதம் ஸ்ப்ரெட். ஆனால் குவாட்டர்பேக் எதிராளியைப் பார்த்துக் கொடுக்கலாமா வைத்துக்கொள்ளலாமா என்று முடிவெடுப்பது பழைய வாசனைதான். அந்த வருடம் மயாமிக்கு எதிராக ஒரு வினாடி மிச்சம் இருக்கும்போது கிங் எறிந்த 44 யார்டு பந்தில் 23-20. அந்த சீசனும் அடுத்ததும் 7 வெற்றி. 2024 நவம்பரில் ஜார்ஜியாவோடு எட்டு முறை கூடுதல் நேரம் போய் 44-42 என்று தோற்றோம். இடைவேளையில் 17-0 என்று முன்னால் இருந்த ஆட்டம் அது. தோற்றாலும், 52-7, 45-0 பார்த்த கண்களுக்கு அந்த இரவு பெரிய ஆறுதல்.

அப்படியானால் ட்ரிபிள் ஆப்ஷன் செத்துவிட்டதா?

ராணுவக் கல்லூரிகளில் உயிரோடு இருக்கிறது. 2022இல் இடுப்புக்குக் கீழே மறிப்பதை நடுப்பகுதிக்குள் மட்டும் என்று இன்னும் சுருக்கினார்கள். அதனால் ஆர்மி அணி 2023இல் குவாட்டர்பேக்கைப் பின்னால் தள்ளி நிறுத்தும் புதுமுறையை முயன்றது. 6 வெற்றி, 6 தோல்வி. அடுத்த வருடம் பழைய முறைக்கே பெருமளவு திரும்பி, 12 வெற்றியோடு தன் லீகின் சாம்பியன் ஆனது.

அடுத்த ஆட்டத்துக்குப் போகிறேன். எதைப் பார்க்கட்டும்?

எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள். நீங்கள் ஒரு நாலு முறை மட்டும் முன்வரிசைக்காரர் கையைப் பாருங்கள். கை தரையில் அழுந்தி முதுகு முன்னால் சாய்ந்திருந்தால் பெரும்பாலும் ஓட்டம். இடுப்பில் எடை உட்கார்ந்திருந்தால் எறியப் போகிறார்கள். பிறகு எதிரணி ஓரத்தில் யாரும் தடுக்காமல் விட்ட ஒருவர் இருக்கிறாரா என்று தேடுங்கள். இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைத்தலைப் பெரியவரின் முகத்தையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அவர் ஏற்கெனவே எழுந்து நின்றிருப்பார்.